கொரோனா நேரத்துல பல் கிளினிக் கணக்கு என்னாச்சு? காரைக்குடி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அக்கா காரைக்குடியில பல் டாக்டர். நான் டாக்டர் இல்ல, கிளினிக் வரவு செலவு பாக்குற ஆளு. வாடகை, சம்பளம், லேப் பில்லு, பேங்க் லோன் எல்லாம் என் நோட்டுலதான். 2020ல இருந்து கல்யாண வீட்டுல, டீக்கடையில, கிளினிக் பெஞ்சுல உக்காந்திருக்கவங்கன்னு எல்லாரும் திருப்பித் திருப்பி ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, சொல்லிச் சொல்லி எனக்கே பல்லு வலி வந்துரும் போல, அதான் மொத்தமா எழுதிட்டேன். "கணக்குக்கு வச்சுக்குவோம்"னு நான் சொல்ற இடத்துல வர்ற தொகை வெறும் உதாரணம், எங்க கிளினிக் நோட்டுல உள்ளது இல்ல.

ரெண்டு மாசம் மூடுனதுக்கா இவ்வளவு புலம்பல்? ஊரே மூடித்தான கெடந்துச்சு?

ஊரே மூடித்தான் கெடந்துச்சு, ஒத்துக்கிறேன். மார்ச் 22 ஞாயித்துக்கெழமை மக்கள் ஊரடங்கு, 24 சாயங்காலம் 6 மணியில இருந்து தமிழ்நாட்டுல 144, மறுநாள்ல இருந்து நாடு முழுக்க. ஆனா மூடுன மாசத்துல போன காசு எங்களுக்குப் பெரிய அடி இல்லங்க. திறந்தப்புறம்தான் அடி.

ஜவுளிக்கடையில சித்திரையில விக்காத புடவை அலமாரியிலயே இருக்கும், தீபாவளிக்கு வித்துக்கலாம், கொஞ்சம் தள்ளுபடி போட்டாலும் போட்ட காசு வந்துரும். பல் கிளினிக்ல விக்கிற சரக்கு என்னன்னு யோசிச்சுப் பாருங்க. சொத்தைய அடைக்கிற சிமெண்டும் பல்லு மேல உறை மாதிரி மாட்டுற கேப்பும் இல்ல, அந்த சேர்ல ஒருத்தர் படுத்திருக்கிற அரைமணி நேரம். செவ்வாய்க்கெழமை சாயங்காலம் 6 மணி காலியாப் போச்சுன்னா அத எடுத்து வச்சு புதன்கெழமை விக்க முடியாது. எல்லாப் பதிலுக்கும் அடியில இருக்கிற கணக்கு இதுதான், இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

ஆஸ்பத்திரி எல்லாம் திறந்துதான இருந்துச்சு, நீங்க ஏன் மூடுனீங்க?

ஆஸ்பத்திரிய மூடச் சொல்லி யாரும் சொல்லல, சரிதான். ஆனா பல் வைத்தியத்துல வேலையே நோயாளி வாய்க்கு ஒரு ஜாண் தூரத்துல. அதோட ஏர்ரோட்டர்னு ஒரு மெஷின், கொய்ங்னு சத்தம் வருமே அதுதான், நிமிஷத்துக்கு 3 லட்சம் சுத்துக்கு மேல சுத்தும். அது சூடாகாம இருக்கத் தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும், அந்தத் தண்ணியும் எச்சிலும் சேந்து புகை மாதிரி ரூம் முழுக்கப் பரவும். பல்லு சுத்தம் பண்ற ஸ்கேலிங் மெஷினும் அப்படித்தான். மாஸ்க் போடுங்க மாஸ்க் போடுங்கன்னு ஊரெல்லாம் கத்துற நேரத்துல மாஸ்க்க கழட்டிட்டு ஆன்னு வாயத் திறக்கச் சொல்ற ஒரே கடை எங்களோடதுதான்.

மே 19ஆம் தேதி மத்திய சுகாதாரத்துறை பல் டாக்டர்களுக்குன்னே தனியா வழிகாட்டுதல் போட்டுச்சு. கட்டுப்பாட்டுப் பகுதின்னா மூடிரணும், ஃபோன்ல பேசலாம். சிவப்பு மண்டலம்னா அவசர வைத்தியம் மட்டும். ஆரஞ்சும் பச்சையும்னா ஆலோசனை சொல்லலாம், கைவைக்கிறது அவசரமானதுக்கு மட்டும். மே மாசம் போட்ட பட்டியல்ல நம்ம சிவகங்கையும் பக்கத்துல புதுக்கோட்டையும் ஆரஞ்சு. ஆக வீங்குன கன்னம், தாங்க முடியாத வலி, அடிபட்ட பல்லு, இதெல்லாம் பாக்கலாம். கேப், கம்பி, பல் சுத்தம் எல்லாம் தள்ளி வை. தள்ளி வைக்கச் சொன்ன அந்த வேலைங்கள்ல வர்ற காசுலதான் கிளினிக் வாடகையே கட்டுறோம், அதுதான் வேடிக்கை.

சரி, திறந்துட்டீங்கள்ல, அப்புறம் என்ன?

இங்கதான் கணக்கு. காலையில 10ல இருந்து 1, சாயங்காலம் 5ல இருந்து 9, ஆக 7 மணி நேரம். ஆளுக்கு அரைமணி நேரம்னா 14 பேர் பாக்கலாம். கொரோனாவுக்கு அப்புறம் மெஷின் ஓட்டுன ஒவ்வொரு கேஸுக்கும் ஜன்னலத் திறந்து காத்து போக விடணும், சேர், லைட்டு, தரைன்னு எல்லாத்தையும் தொடைக்கணும், கவுன கழட்டி வேற போடணும். அரைமணி வேலைக்கு அரைமணி காத்திருப்பு. அதே 7 மணி நேரத்துல 7 பேர்.

வாடகை, சம்பளம், கரண்ட், லோன் எல்லாம் சேத்து மாசம் 1 லட்சம்னு கணக்குக்கு வச்சுக்குவோம், 25 நாள் வேலை. ஒரு நாளைக்கு 4,000. 14 பேர் வந்தா தலைக்கு 285 ரூபாய் சொச்சம், 7 பேர்னா 571. டாக்டரோட உழைப்பு, மருந்து, பிபிஇ கிட்டு (கவுன், மாஸ்க், ஷீல்டு) எதையும் இன்னும் சேக்கவே இல்ல, சும்மா கதவத் திறந்து வைக்கிற செலவே ரெட்டிப்பு ஆயிருச்சு. அதுவும் 7 பேரும் வந்தாத்தான்! பயத்துல நாலு பேர்தான் வந்தாங்கன்னா 1,000 ஆகும்.

ஏசியும் போடக்கூடாது, ஜூன் மாச காரைக்குடி வெயில்ல பிளாஸ்டிக் கவுன், ரெண்டு மாஸ்க், மூஞ்சிக்கு ஷீல்டு. அக்கா ஒரு ரூட் கெனால் முடிச்சுட்டு வெளிய வந்தா மழையில நனஞ்ச மாதிரி இருப்பாங்க. அதுக்கெல்லாம் நோட்டுல எந்தப் பக்கத்துல எழுதுறது?

பிபிஇ கிட்டுன்னு தனியா காசு வாங்குனீங்களே, அது கொள்ளை இல்லையா?

சில இடத்துல அதிகமா வாங்குனாங்க, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மொத்தமாத் திட்டுறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க. முன்னாடி ஒண்ணு ரெண்டு ரூபாய்க்கு மொத்தமா எடுத்த மூணு லேயர் மாஸ்க்குக்கு 2020 மார்ச்ல அரசாங்கமே 10 ரூபாய்னு உச்சவரம்பு வைக்க வேண்டிய நெலமை, அந்த வெலைக்கும் கடையில கெடைக்கல.

அடுத்தது ஜிஎஸ்டி. வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கெடையாது, நல்ல விஷயம். ஆனா அதுலயே ஒரு சிக்கல் இருக்கு. பில்லுல நாங்க வரி போடாததால, வாங்குற சாமானுக்குக் கட்டுன வரிய கழிச்சுக்கவும் முடியாது. சானிடைசருக்கு அப்ப 18 சதவீதம் வரி, 2021 ஜூன்லதான் கொஞ்ச நாளைக்கு 5ஆக் கொறச்சாங்க. ஜவுளிக்கடைக்காரர் கட்டுற வரிக்கு வழி இருக்கு, எங்களுக்கு அது நேரா செலவு.

கையுறை கதை இன்னும் விசேஷம். அப்ப உலகத்துக்கு ரப்பர் கையுறைல பெரும்பகுதி மலேசியாவுலதான் தயாராச்சு. நம்மூரு ஐயாமாருங்க ஒரு காலத்துல ரப்பர் தோட்டம் வச்சு லேவாதேவி பண்ணுன அதே மலேசியா. அங்க ஃபேக்டரியிலயே தொத்து பரவி அடைச்சாங்க, இங்க டப்பா வெலை மடங்கு மடங்கா ஏறுச்சு. வழக்கமா மாசக் கடைசியில காசு வாங்கிக்கிற டீலர், "அட்வான்ஸ் போட்டாத்தான் டப்பா"ன்னுட்டாரு. அவரத் தப்பு சொல்லல, அவருக்கு மேல உள்ளவன் அவர்கிட்ட அப்படித்தான் கேட்டிருப்பான். அதுவரைக்கும் கடன்லயே ஓடுன தொழில் ஒரே வாரத்துல ரொக்கத்துக்கு மாறிருச்சு, ரொக்கம் வர்ற வழிதான் அடைச்சுக் கெடக்கு.

எல்லா ஊர்லயும் இதே கததான? செட்டிநாட்டுக்குன்னு தனியா என்ன?

இருக்கு, மூணு இருக்கு.

மொதல் விஷயம் வெளிநாட்டு ஆளுங்க. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கான்னு இருக்கவங்க முன்னோருக்குப் போடுற படைப்பு, கல்யாணம், அறுபது வயசு சாந்தின்னு ஊருக்கு வரும்போது பல்லு வேலைய இங்க முடிச்சுட்டுப் போவாங்க. அங்க ஆகுற செலவுல டிக்கெட் காசே மிஞ்சும்னு சொல்லுவாங்க. எண்ணிக்கையில கொஞ்சப் பேர்தான், ஆனா இம்ப்ளாண்ட், வரிசையா அஞ்சாறு கேப்னு பெரிய வேலை அவங்களோடதுதான். உள்ளூர்ல சொத்தைப் பல்லுக்கு வர்றவங்ககிட்ட கம்மியா வாங்க முடியுறதே இந்த வரவு இருக்கிறதாலதான். 2020 மார்ச் 23ல நின்ன வெளிநாட்டு விமானம் பழைய மாதிரி ஓட ஆரம்பிச்சது 2022 மார்ச் 27லதான், நடுவுல சிறப்பு விமானத்துல வந்தவங்க கொஞ்சம். ஊரடங்கு எங்களுக்கு ரெண்டு மாசம்னு நீங்க சொல்றீங்க, இந்த வரவுக்கு அது ரெண்டு வருஷம்.

அதுல இன்னொரு கொடுமை. இம்ப்ளாண்ட்ங்கிறது ஒரே நாள் வேலை இல்ல, எலும்புல ஸ்க்ரூவ வச்சுட்டு மூணு மாசமோ ஆறு மாசமோ விட்டு அப்புறம் மேல பல்லு வைக்கணும். தை மாசம் வந்து ஸ்க்ரூ வச்சுட்டு, மே லீவுல வந்து பல்ல வச்சுக்கிறேன்னு காசையும் கட்டிட்டுப் போனவங்க அங்கயே மாட்டிக்கிட்டாங்க. ஒரு ஆச்சி கோலாலம்பூர்ல இருந்து வாட்ஸ்அப்ல, "தம்பி, என் பல்ல பத்திரமா வச்சுக்கங்க, ஆளுதான் வர முடியல"ன்னு குரல் அனுப்பினாங்க. சிரிப்புதான், ஆனா நம்மூரு ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) போட்ட யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, முடிக்காத வேலைக்கு வாங்குன அட்வான்ஸ் வரவு இல்ல, கடன். பேங்க்ல காசு இருக்கு, ஆனா அது எங்க காசு இல்ல. நெறைய கிளினிக் அதையும் எடுத்து வாடகைக்குக் கட்டிட்டு பின்னாடி முழிச்சுச்சு.

ரெண்டாவது கல்யாணம். 50 பேருக்கு மேல கூடாதுன்னதும் மண்டபம், சமையல், பந்தல் எல்லாம் அடிபட்டது எல்லாருக்கும் தெரியும், பல் கிளினிக்கும் அதே வரிசைதான்னு யாருக்கும் தோணாது. முகூர்த்த மாசத்துக்கு முன்னாடி பொண்ணு மாப்பிள்ளை மட்டும் இல்ல, ரெண்டு வீட்டு ஆளுங்களும் பல்லு சுத்தம் பண்ண வருவாங்க, முன்பல்லு ஒடஞ்சிருந்தா சரி பண்ணிக்குவாங்க. ஃபோட்டோவுல மூஞ்சியில பாதி மாஸ்க்குன்னா யாருக்கு வேணும் முன்பல்லு? போதாததுக்கு சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கூட வீட்டோட வீடா நின்னுபோச்சு. கல்யாணப் பலகாரம் கடிச்சு கேப் கழண்டு வர்ற கூட்டம்னு ஒண்ணு வருஷா வருஷம் உண்டு, அதுவும் போச்சு. (இத அக்கா படிச்சா திட்டும்.)

மூணாவது லேப். கேப், பல்செட் எல்லாம் கிளினிக்ல செய்யறது இல்ல, வாயில அளவு எடுத்து லேபுக்கு அனுப்புவோம், நம்ம பக்கம் பெரும்பாலும் மதுரை, திருச்சி. எப்படி அனுப்புறது? பஸ்ல. பார்சலக் கட்டிக் குடுத்தா அங்க லேப் பையன் வந்து எடுத்துக்குவான். பஸ் நின்னதும் அந்த நூல் அறுந்துச்சு. ஜூன்ல கொஞ்சம் ஓடுச்சு, ஜூன் 24ல இருந்து மதுரைக்கே முழு ஊரடங்கு, ஜூலையில பஸ்ஸ திரும்ப நிறுத்துனாங்க, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் விட்டது செப்டம்பர் 7. பல்ல ராவி வச்சு தற்காலிக கேப் போட்டு அனுப்புன ஆளுங்க "ஒரு வாரத்துல வாங்க"ன்னு சொன்னத மாசக்கணக்குல நம்பிக்கிட்டு இருந்தாங்க. கேப் வந்தாத்தான் பாக்கிக் காசு வரும்.

பல் ஆஸ்பத்திரிக்கே போகாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுச்சே?

அப்படிச் சொல்லல. 2020 ஆகஸ்ட் 3ல அவங்க சொன்னது, சமூகப் பரவல் அதிகமா இருக்கிற இடத்துல, அது கொறையிற வரைக்கும், செக்கப், சுத்தம் மாதிரி அவசரமில்லாத வேலையத் தள்ளி வைங்க, அவசரத்துக்குப் போங்கன்னு. டிவியில பாதியக் காணோம், "பல் மருத்துவரிடம் செல்ல வேண்டாம்"னு சிவப்புக் கலர்ல ஓடுச்சு. அமெரிக்க பல் டாக்டர் சங்கம் அத எதுத்து அறிக்கையே விட்டாங்க. இங்க அந்த வாரம் அப்பாயின்ட்மென்ட் நோட்டுல அடிச்ச கோடுதான் அதிகம்.

லோனுக்குத்தான் ஆறு மாசம் ஒத்திவைப்பு குடுத்தாங்களே?

குடுத்தாங்க, மார்ச்சுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும். ஒத்திவைப்புன்னா தள்ளுபடின்னு நெனச்சவங்க பாதிப் பேரு. வட்டிக்கடை பாத்த ஊரு இது, கணக்கப் போட்டே பாத்துருவோம். சேர், எக்ஸ்ரே வாங்குன கடன் பாக்கி 10 லட்சம், வட்டி 12 சதவீதம்னு வச்சுக்குவோம். ஆறு மாசம் கட்டாம விட்டா கடன் 10,61,520 ஆயிரும். அப்புறம் வட்டிக்கு வட்டிய மட்டும் அரசாங்கம் ஏத்துக்கும்னு, 2 கோடி வரைக்கும் உள்ள கடனுக்கு அந்த வித்தியாசத்தத் திருப்பிப் போட்டாங்க. இந்தக் கணக்குல அது எவ்வளவு தெரியுமா? 1,520 ரூபாய். மிச்சம் 60,000 நம்ம தலையிலதான்.

நாங்க மூணு மாசம் ஒத்திவச்சுட்டு அப்புறம் கட்ட ஆரம்பிச்சோம். மூச்சு விட எடம் கெடச்சது, அந்த அளவுக்கு நல்லதுதான்.

அரசாங்கம் வேற உதவியே பண்ணலையா?

அவசரக் கடன் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அடமானம் இல்லாம, ஏற்கனவே உள்ள கடன் பாக்கியில 20 சதவீதம் வரைக்கும் புதுசாக் கடன். நாலு வருஷத்துல அடைக்கணும், மொத வருஷம் அசல் கட்ட வேணாம். ஆரம்பத்துல தனி ஆளு பேருல தொழிலுக்கு வாங்குன கடன் இதுல வரல, 2020 ஆகஸ்ட் 1லதான் டாக்டருங்களையும் சேத்தாங்க. 10 லட்சம் பாக்கி இருந்தா 2 லட்சம் கெடைக்கும். நல்லாக் கவனிங்க, கடன் இருந்தாத்தான் கடன்! கடனே வாங்காம நகைய வித்து, சிறுகச் சேத்து கிளினிக் வச்ச ஆளுக்கு 20 சதவீதம்னா சைபர்ல 20 சதவீதம். ஒழுங்கா இருந்தவனுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் இது.

இங்கிலாந்துல மார்ச் 25ல இருந்து ஜூன் 8 வரைக்கும் வழக்கமான பல் வைத்தியத்த நிறுத்துனாங்க, ஆனா அரசு ஒப்பந்தத்துல உள்ள டாக்டருங்களுக்கு மாசத் தொகைய நிறுத்தல. நம்ம பக்கம் அந்த மாதிரி ஒப்பந்தமே கெடையாது, அனேகமா எல்லாரும் கையில இருக்கிற காசக் குடுத்துத்தான் பல்லு பாக்குறாங்கன்னா மிகையில்ல. இன்சூரன்ஸ் கேக்குறீங்களா? சாதாரண மெடிக்கல் பாலிசியில விபத்துல ஒடஞ்சா ஒழிய பல்லுக்குப் பெரும்பாலும் வராது. அதனால சனங்க கையில காசு வத்துனா மொதல்ல நிக்கிற செலவு பல்லு.

வேலை பாத்த புள்ளைங்க என்ன ஆனாங்க?

இதப் பத்தி யாரும் கேக்குறதில்ல, நானே சேத்துக்கிட்டேன். நம்ம பக்கம் கிளினிக் அசிஸ்டென்ட் புள்ளைங்க புதுவயல், கல்லல், சாக்கோட்டைன்னு சுத்துப்பட்டுல இருந்து பஸ்ல வர்றவங்க. பஸ் இல்லன்னா வேலை இல்ல. மொத மாசம் முழுச் சம்பளம் குடுத்தோம், அடுத்தது பாதி. பெருமையா சொல்லிக்கிற விஷயம் இல்ல, நோட்டுல அப்படித்தான் இருக்கு. ரெண்டு பேருல ஒரு புள்ள திரும்பி வரவே இல்ல, அவங்க வீட்டுல "வாய்க்குள்ள கைய விடுற வேலை வேணாம்"னுட்டாங்க, எப்படித் தப்பு சொல்றது?

அதவிட அடி, வாரத்துக்கு ஒரு நாள் வந்து போற ஸ்பெஷலிஸ்ட்டுங்களுக்கு. கம்பி கட்டுறவங்க, ஞானப்பல்லு எடுக்கிறவங்க எல்லாம் மதுரை திருச்சியில இருந்து நாலஞ்சு ஊரு சுத்துவாங்க, கேஸுக்கு இவ்வளவுன்னு காசு. சம்பளமும் இல்ல, மாவட்டம் தாண்டி வர இ-பாஸும் இல்ல. வயசுல சின்ன டாக்டருங்க, படிப்புக் கடன் வேற. கம்பி போட்ட புள்ளைங்க மாசாமாசம் வந்து முறுக்கிக்கிட்டுப் போகணும், அது நின்னதுல கன்னத்தக் குத்துற கம்பிய நகவெட்டியால வெட்டச் சொல்லி வீடியோ கால்ல காட்டுன கதையெல்லாம் உண்டு. அதுக்கு ஃபீஸ் கேட்டா, "ஃபோன்ல பேசுனதுக்கா?"ம்பாங்க.

தள்ளிப்போட்ட பல்லெல்லாம் திரும்பி வந்திருக்குமே, விட்ட காச எடுத்திருப்பீங்க?

வந்துச்சு, வந்தப்ப வேற பல்லா வந்துச்சு. மார்ச்சுல ஒரு ஃபில்லிங்ல முடிய வேண்டியது அக்டோபர்ல ரூட் கெனால், ரூட் கெனால் பண்ண வேண்டியது புடுங்குற நெலமை. ரூட் கெனாலுக்குக் காசு அதிகம், அப்ப லாபம்தானேன்னு ஒருத்தர் கேட்டாரு. வேலையப் போயி ஏழு மாசம் ஆன ஆளுகிட்ட ரூட் கெனாலும் கேப்பும் சொன்னா அவரு என்ன சொல்லுவாரு? "புடுங்கிருங்க"ன்னுதான். புடுங்குறதுல கிளினிக்குக்கு வரவு கம்மி, அவருக்குப் பல்லும் போச்சு. வலி மாத்திரையிலயே ஓட்டி கன்னம் வீங்கி வந்தவங்களும் உண்டு. கவலையில ராத்திரி பல்ல நறநறன்னு கடிச்சு விரிசல் விட்டு வந்த கேஸும் அந்த வருஷம் கூடுதலா இருந்துச்சுன்னு அக்கா சொல்லும்.

ரெண்டாவது அலையில?

2021ல தடுப்பூசி மொதல்லயே போட்டாச்சு, ஜனவரி 16ல ஆரம்பிச்சதுல சுகாதாரப் பணியாளர் வரிசையில பல் டாக்டரும் உண்டு, அதனால பயம் கொஞ்சம் கம்மி, சாவு அதிகம். மே 10ல ஊரடங்கு, 24ல இருந்து தளர்வே இல்லாம. அப்பதான் கருப்புப் பூஞ்சை. மே மாசமே தமிழ்நாட்டுல அத கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சாங்க. சர்க்கரை உள்ளவங்க, கொரோனாவுக்கு ஸ்டீராய்டு ஏத்துனவங்க, "மேல் பல்லு வரிசையா ஆடுது"ன்னு பல் டாக்டர்கிட்டதான் வருவாங்க. பாத்து, படம் எடுத்து, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு அனுப்புறதுதான் வேலை. அந்த மாசம் நோட்டுல வரவுப் பக்கம் அனேகமா வெறும் கன்சல்டிங்தான்.

கொரோனா போயிருச்சு, ரேட்டு ஏன் எறங்கல?

கையுறை, மாஸ்க் வெலை எறங்கிருச்சு, ஒத்துக்கிறேன், கிட்டுக்குன்னு தனியா வாங்குறதையும் நிறுத்தியாச்சு. ஆனா அந்த நேரத்துல வாங்குன பெரிய சக்‌ஷன் மெஷின், கருவியெல்லாம் ஆவியில வச்சுக் கிருமி நீக்குற ரெண்டாவது ஆட்டோகிளேவ், அதுக்கான தவணை எல்லாம் எறங்கல. அவசரக் கடன 2020 கடைசியில எடுத்தவங்களுக்கு 2024 கடைசி வரைக்கும் தவணை ஓடுச்சு. சேந்த புள்ளைங்க சம்பளமும் பழைய சம்பளம் இல்ல.

புதுசா கிளினிக் வைக்கப்போறோம், இதுல இருந்து என்ன எடுத்துக்கலாம்?

சொந்தக் கட்டடம் இல்லன்னா மூணு மாசச் செலவத் தனிக் கணக்குல போட்டுட்டு அப்புறம் சேர் வாங்குங்க. அட்வான்ஸ் காசு வேற கணக்கு, தொடாதீங்க. லேப் ஒண்ணு மதுரையில, ஒண்ணு திருச்சியில. வெளிநாட்டு ஆளுங்கள நம்பி ரெண்டாவது சேர் போடாதீங்க, அவங்க வந்தா சந்தோஷம்.

இப்பவும் மாஸ்க் போட்டுக்கிட்டு வரணுமா?

வேணாம். சளி காய்ச்சல் இருந்தா மட்டும் காலையிலயே ஃபோன் பண்ணி வேற நாள் கேட்டு வாங்கிக்கங்க. ஆறு மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஆறே காலுக்கு "இன்னிக்கு வரலைங்க"ன்னு சொல்லாதீங்க, அந்த அரைமணி நேரத்த நான் யாருக்கு விக்கிறது?